கிசான் பணம்: ஊரார் பார்க்க வேண்டிய பட்டியல்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, விவசாயக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. 2019 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது, இடையில் யார் கையும் படாததால் முறைகேட்டுக்கு வழியே இல்லை என்று பலரும் நம்பினர். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்டிருந்தது 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது. சிபிசிஐடி விசாரணையும் நடந்தது. விவசாயிகள் தாங்களே பதிவு செய்துகொள்ளத் தந்த வசதியும் அதிகாரிகளின் கடவுச்சொல்லும் தரகர்கள் கைக்குப் போயிருந்தன. பணம் தரும் இடத்திலிருந்து விரட்டப்பட்ட தரகர், பெயர் சேர்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் பலர் நிலமில்லாத கூலிக் குடும்பத்தினர். கொரோனா நிவாரணம் என்று சொல்லியே அவர்களிடம் ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கினார்கள். பிறகு அரசு பணத்தைத் திரும்பப் பிடித்தபோது, கமிஷன் வாங்கிய தரகரின் பணம் பத்திரமாக இருந்தது. ஏழையின் கணக்குதான் முடங்கியது. கணினிக்கு ஆதார் எண் சரியா என்று தெரியும். அந்த ஆளுக்குக் காணி உண்டா இல்லையா என்பது ஊருக்குத்தான் தெரியும். ஆகவே பயனாளிப் பட்டியலை ஊர் பார்ப்பதே இதற்கு முதல் காவல். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. பி.எம். கிசான் இணையதளத்திலும் கிராமவாரிப் பட்டியல் இருக்கிறது. ஆனால் செல்போனில் தேடத் தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததுதான். கிராம சபையில் அதை உரக்க வாசிக்க வேண்டும்.

அடுத்தவர் வாங்கும் பணத்தை ஊரில் வாசிப்பது அந்தரங்கத்தைக் குலைக்காதா என்று கேட்பார்கள். ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் நிச்சயம் வெளியே வரக்கூடாது. பொதுப் பணம் யாருக்குப் போகிறது என்பது மட்டும் ரகசியமாக இருக்க முடியாது. பகை வைத்துப் பெயரை நீக்கச் சொல்வார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் ஊர் கேள்விதான் எழுப்பும். நீக்குவதும் வைப்பதும் ஆவணம் பார்த்து, உரியவரிடம் விளக்கம் கேட்டு, அலுவலகம் செய்ய வேண்டியது.

தகுதியிருந்தும் தவணை வராதவர்கள் நிலை தனி. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, முடிக்காத இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதாரோடு வேறொரு வங்கிக் கணக்கு இணைந்திருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும் என்பதால், பழைய புத்தகத்தை மட்டும் பார்த்து ஏமாந்ததாக எண்ணிவிடக்கூடாது. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்குத் தகுதியில்லை. நிலத்துக்காரர் இறந்து வாரிசாகப் பெற்றவருக்கு உண்டு. வருமான வரி கட்டுவோர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் ஆகியோருக்கும் பொதுவாக இல்லை. உண்மையில் ஏர் ஓட்டும் குத்தகை விவசாயிக்கும் இல்லை. அது இத்திட்டத்தின் பெருங்குறை. நிலத்தை விட்டு நகரத்தில் இருப்பவர் வாங்க, பாடுபடுபவர் வெறுங்கையோடு நிற்பதை எந்தப் பட்டியலாலும் சரிசெய்ய முடியாது, திட்டத்தின் விதிதான் மாற வேண்டும். தவணை வரவில்லையே என்ற பதற்றத்தில், வாட்ஸ்அப்பில் கிசான் பெயரில் வரும் செயலியை மட்டும் யாரும் இறக்க வேண்டாம். கணக்கையே துடைத்துவிடும் மோசடி அது.

தவணை நின்றால் தரகரிடம் போகாமல், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உதவி எண் 155261. காரணம் சொல்ல மறுத்தால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.