தங்கம் போன ஊரில் தொண்டுக்கு என்ன கணக்கு?

மார்ச் கடைசி வாரத்தில் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். களப்பணியாளர் ஒருவரும் களத்தில் இருக்க மாட்டார். பில்லுக்கு நம்பர் போடுவார்கள், வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவார்கள், வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்துகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அடுத்த தவணை வராது. அந்த நெருக்கடியில்தான் பலருக்கும் ஆலோசகரின் நினைவு வரும். மானிய விண்ணப்பம் எழுதுவது, வந்த பணத்துக்குக் கணக்கை ஒழுங்குபடுத்துவது, திட்டத்தால் என்ன பயன் என்று மதிப்பிடுவது ஆகியவை இன்று தொண்டு உலகத்தில் தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டன.

இந்தத் தொழிலின் தேவையும் இதில் உள்ள ஓட்டைகளும் ஒருசேரத் தெரிய வேண்டுமென்றால் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள நந்திதுர்க் சுரங்கப் பகுதியைப் பார்க்கலாம்.

காசு தேடி வராத ஊர்

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்த பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று பெரிய சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழர்கள் பாதாளத்தில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தபோது எஞ்சியிருந்த மூன்றில் நந்திதுர்க்கும் ஒன்று. 1962-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் வெளியே போன தங்கம் 800 டன்னுக்கும் மேல். ஊருக்கு மிஞ்சியவை தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளும், தங்கம் பிரித்த கழிவு குவிந்து, காற்றடித்தால் தூசி கிளப்பும் சயனைடு மேடுகளும்தான். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவது இந்த ஊரின் புதிய ஷிஃப்ட் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு உதவத்தானே சட்டங்கள் இருக்கின்றன என்று தோன்றலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. நந்திதுர்க்கில் இயங்கிய நிறுவனமே மூடிக்கிடக்கிறது. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த நிதி, இயங்கும் சுரங்கம் கட்டும் ராயல்டியை ஒட்டி வருவது. 2001-இல் மூடிய தங்கச் சுரங்கம் 2015-க்குப் பிறகு என்ன ராயல்டி கட்டும்? பாதிப்பு இருக்கிறது, பணம் கட்ட ஆள் இல்லை.

ஆகவே தங்கவயலில் வேலை செய்யும் சிறிய அமைப்பு எதுவானாலும் வெளியூர்க் கதவைத்தான் தட்ட வேண்டும். தெரியாதவரிடம் பணம் கேட்கும்போது தேவையையும் சான்றோடு காட்ட வேண்டும், பலனையும் சான்றோடு காட்ட வேண்டும். மற்ற ஊர்களில் மதிப்பீடு என்பது கடைசியில் சேர்க்கும் ஓர் அத்தியாயமாக இருக்கலாம். இங்கே அதுதான் மூலதனம்.

செய்தது வேறு, விளைந்தது வேறு

ஒரு கணக்கைக் கற்பனையாகவே போட்டுப் பார்ப்போம். நந்திதுர்க் லைனில் ஓர் அமைப்பு 60 பெண்களுக்குத் தையற்பயிற்சி தருகிறது. ஆண்டறிக்கையில் '60 பேர் பயன்பெற்றனர்' என்று எழுதிவிடுவார்கள். அது செய்த வேலையின் கணக்கு மட்டுமே. பயிற்சிக்குப் பின் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஆறு மாதம் கழித்தும் அதில் இருக்கிறார்களா, வீட்டு வருமானம் கூடியதா, கடன் குறைந்ததா என்று கேட்பதுதான் விளைவின் கணக்கு.

சரி, கேட்டாயிற்று. 45 பேர் பெங்களூரு கார்மென்ட்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் வெற்றி என்று எழுதிவிடலாமா? நல்ல மதிப்பீட்டாளர் இங்கேதான் பேனாவை மூடிவைப்பார். பயிற்சியே இல்லாவிட்டாலும் அந்த ரயில் ஓடத்தானே செய்கிறது? அதே லைனில் பயிற்சி பெறாத பெண்களில் எத்தனை பேர் அதே வேலைக்குப் போகிறார்கள் என்று பார்க்காமல், வெற்றி யாருடையது என்று சொல்ல முடியாது. அந்தப் பெருமை பெங்களூருக்கே உரியதாகக்கூட இருக்கலாம். ஒப்பிட ஆள் இல்லாத புள்ளிவிவரம் இந்த ஊரில் யாரையும் வெற்றியாளராக்கிவிடும்.

இன்னொரு கண்ணி, கணக்கெடுக்கப் போகும் நேரம். காலை பத்து மணிக்குக் கேள்வித்தாளோடு லைனுக்குள் நுழைந்தால் கிழவர்களும் குழந்தைகளும் வீட்டில் இருப்பவர்களும்தான் சிக்குவார்கள். சம்பாதிப்பவர்கள் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியிருப்பார்கள். அப்படி எடுத்த விவரத்தை நம்பினால், வேலைக்கே போகாதவர்களின் ஊர் என்று தங்கவயலை எழுதிவிட நேரும். ஞாயிற்றுக்கிழமையோ, ரயில் திரும்பிய பிறகு இரவிலோ போக வேண்டும். ஊரை அறியாத ஆலோசகரின் விலையுயர்ந்த மென்பொருளைவிட, ரயில் நேரம் தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருவரின் நோட்டுப் புத்தகம் பலமான சான்று.

எண்ணிய பிறகு தெரிந்த நோய்

இந்த மண்ணுக்கு அளவெடுப்பு புதிதல்ல. ஒரு டன் பாறையில் எவ்வளவு தங்கம் தேறுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக அளந்து லண்டன் பங்குதாரர்களுக்குக் கணக்கு போயிற்று. அந்தப் பாறையை உடைத்தவனின் நுரையீரலுக்குள் எவ்வளவு தூசி போயிற்று என்ற கணக்குக்கு வெகுகாலம் ஆயிற்று. 1940-க்கும் 1946-க்கும் இடையில் தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 43.7 சதவீதம் பேருக்கு, பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இருந்தது. அதுவரை தனித்தனி வீடுகளின் இருமலாக இருந்தது, ஒரு தொழிலின் நோயாக உருப்பெற்றது. இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிப் பேசும் மருத்துவக் கட்டுரைகள் பல இன்றும் அந்தக் கணக்கைக் குறிப்பிடுகின்றன.

மதிப்பீட்டின் அரசியல் இதில் அடங்கியிருக்கிறது. யாருடைய கேள்விக்காக எண்ணுகிறோமோ, அவருக்குத்தான் விடை கிடைக்கும். பங்குதாரர் கேட்டபோது தங்கத்தின் அளவு கிடைத்தது. இன்று நன்கொடையாளர் மட்டும் கேட்டால் '60 பேர் பயன்பெற்றனர்' கிடைக்கும்.

கோட்டாம்பட்டியின் பாடம்

எண்ணிய விவரம் எண்ணிய இடத்திலேயே பயன்படவும் முடியும். மதுரை மாவட்டக் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில் 1980-இல் முன்னோடியாகத் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதற்கு உலக அளவில் பேசப்படும் உதாரணம். உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த திட்டம் அது. 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு உருண்டை தரத் தொடங்கி, எடை தேறியதும் நிறுத்தினார்கள். அட்டையில் வளைந்து ஏறும் கோட்டைத் தாயிடமே காட்டி விளக்கினார்கள். விவரம் தலைமை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே, தராசைப் பிடித்த ஊழியருக்கு அன்றைக்கே வேலை சொல்லியது. மதிப்பீட்டைத் திட்டம் முடிந்த பிறகு ஆள்வைத்துச் செய்யாமல், தொடங்கும்போதே அதற்குள் தைத்துவைத்ததுதான் அதன் சிறப்பு.

ஆலோசகர் யார் பக்கம்?

விதிகள் பெரியவர்களுக்குத்தான் வசதியாக இருக்கின்றன. 2021 ஜனவரியில் வந்த திருத்தத்தின்படி, சமூகப் பொறுப்பு நிதியாக ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களைச் சார்பற்ற அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும். லைன் வீட்டு மாலைநேரப் பள்ளி இந்த வட்டத்துக்குள் வராது. 2020-இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குத் தருவதையும் தடுத்தது. பெங்களூரின் பெரிய அமைப்பு வாங்கி, தங்கவயலின் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அடைபட்டது. கணக்கர் ஒருவருக்குச் சம்பளம் தரவே திணறும் அமைப்பு மதிப்பீட்டாளருக்கு எங்கே போகும்?

ஒரு சின்ன வாசல் இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதிக்கான அதே 2021 விதிகள், ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்கவும் கண்காணிக்கவும் மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவை நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. ஆகவே விண்ணப்பத்திலேயே அதைத் திட்டச் செலவாகத் தனி வரியில் எழுதிக் கேட்கலாம். கேட்கத் தயங்குவதால்தான் பலரும் மார்ச்சில் தவிக்கிறார்கள்.

ஆலோசகரை அமர்த்தும்போதும் கவனம் வேண்டும். கிடைக்கும் மானியத்தில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அமெரிக்காவில் மானிய எழுத்தாளர்களுக்கான தொழில்முறைச் சங்கமே சதவீதக் கூலியை நெறிமீறல் என்கிறது. தொகை கூடினால் தன் கூலியும் கூடும் என்றால், தேவைக்கு மேல் கேட்கத்தான் தோன்றும். விண்ணப்பம் எழுதியவரே பிறகு மதிப்பீடும் செய்வது கூடாது. தான் கொடுத்த வாக்குறுதிக்குத் தானே மார்க் போடுவது அது.

எல்லாவற்றுக்கும் மேல், கண்டறிந்ததை லைனிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டக் கடமையாக்கியது. தனியார் நன்கொடையில் நடக்கும் வேலைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த முறையைக் கையில் எடுக்க யாருக்கும் தடையில்லை. இங்கே அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, அரசுக் கடிதம் கன்னடத்தில் போகிறது, வீட்டுப் பேச்சு தமிழில் நடக்கிறது. தமிழில் வாசித்தால்தான் 'இந்த 45-இல் நான் இல்லையே' என்று ஒரு பெண் எழுந்து சொல்ல முடியும். அந்தத் திருத்தத்துக்கு இணையான தணிக்கை வேறில்லை.

நன்கொடையாளர் ஒருவர் இந்த ஊரில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், புதிய திட்டத்துக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்புக்குப் பணம் தரச் சொல்லலாம். சிலிகோசிஸ் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படக்கூடிய நோய். 2001-இல் முப்பது வயதோடு பாதாளத்திலிருந்து மேலே வந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவர்களில் உயிரோடு இருப்பவர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு மூச்சு வாங்குகிறது என்று வீடு வீடாக எழுதி, மருத்துவரின் பரிசோதனையோடு சேர்த்துவைத்தால், அது எந்த நன்கொடையாளரிடமும் எந்த நீதிமன்றத்திலும் வைக்கக்கூடிய ஆவணம். இந்தத் தலைமுறை போய்விட்டால் அந்தக் கணக்கை எவ்வளவு செலவழித்தாலும் எடுக்க முடியாது.