பெண்ணுடல்: கலை வெளிப்பாடும் ஊடகக் காட்சிப்பொருளும்

முன்னுரை

பெண்ணுடலைக் கலையும் காட்டுகிறது, விளம்பரமும் காட்டுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல் யாது என்பதே இக்கட்டுரையின் வினா. இராஜகீழ்ப்பாக்கம் வழியே செல்லும் தாம்பரம் – வேளச்சேரி சாலை போன்ற புறநகர்ச் சாலைகளில் நகை, துணி, மனை என எதனை விற்கவும் பெண்ணுருவே முன்னிறுத்தப்படுகிறது. ஆடையின் அளவைக் கொண்டு இதனை மதிப்பிடுதல் பொருந்தாது. அவ்வுருவில் பேசுபவர் யார் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

பார்க்கப்படும் பெண்

ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களையும் விளம்பரங்களையும் ஒருசேர ஆராய்ந்த ஜான் பெர்ஜர், இரண்டிலும் பெண் பார்க்கப்படுபவளாகவே அமைவதை 1972இல் சுட்டினார். லாரா மல்வி 1975இல் திரைப்படத்தில் செயற்படும் ஆண்நோக்கை விளக்கினார். தமிழ் மரபும் இதற்கு விலக்கன்று. பெண்ணைப் பாடுமிடத்துப் பாதாதிகேசம் அவளை உறுப்புறுப்பாகப் பகுக்கிறது. உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரையும் தலைவனைக் கண்டு மயங்குவோராகவே நிறுத்துகிறது. எனவே, கலை என்னும் பெயர் மட்டுமே ஒரு படைப்பிற்குத் தகுதிச் சான்றாகிவிடாது.

பேசும் பெண்

143 பாசுரங்களைக் கொண்ட நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தம் உடலையும் வேட்கையையும் தாமே பேசுகிறார். இம்மரபு உடைய மொழியில்தான், 2002இல் வெளிவந்த குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு அதன் தலைப்பிற்காகவே கடும் கண்டனத்திற்கு உள்ளானது. பெண்ணுடலை இடைவிடாது வருணிக்கும் திரைப்பாடல் துறையினர் சிலரும் அக்கண்டனத்தில் இணைந்தனர். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகளும் ஆபாசம் என இகழப்பட்டன. உடலைப் பாடியது அன்று, பாடியவர் பெண் என்பதே எதிர்ப்பின் காரணம் என இம்முரண் உணர்த்துகிறது.

அதிகாரத்தின் போலித் தோற்றம்

விளம்பரம் முன்னேற்றத்தின் மொழியையும் கையாளும். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ விளம்பரமொன்று, நிறம் வெளுத்த பின்னரே மகளுக்கு வேலை கிடைப்பதாகக் காட்டியது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்பை அடுத்து 2003இல் அது நிறுத்தப்பட்டது. களிம்பின் பெயர் 2020இல் மாற்றப்பட்டது. அவ்விளம்பரத்தில் ஆடையின் அளவு ஒரு பொருட்டன்று. எனினும் அவளது தகுதி தோலின் நிறத்திற்குக் குறுக்கப்பட்டது.

சட்டத்தின் நோக்கு

1986ஆம் ஆண்டின் பெண்களை இழிவாகச் சித்திரித்தல் தடைச் சட்டம், பெண்ணை இழிவுபடுத்தும் சித்திரிப்பையே குற்றமாக்குகிறது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்கானவற்றிற்கு விலக்கும் அளிக்கிறது. ‘பேண்டிட் குயின்’ திரைப்படத்தின் ஆடையற்ற காட்சி காமத்தைத் தூண்டுவதன்று, கொடுமையின்மீது வெறுப்பை எழுப்புவது என உச்ச நீதிமன்றம் 1996இல் கருதியது. பெண்ணின் ஆடையற்ற உடலை எப்போதும் பாலியலாகவே காணலாகாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது.

முடிவுரை

ஒரு படைப்பில் பெண் தானே பேசுகிறாளா, முழு மனிதராக அமைகிறாளா அன்றி உறுப்புகளாகச் சிதறுகிறாளா, அவளது உருவினால் பயன் பெறுபவர் யார் என்னும் மூன்று வினாக்களே இங்கு அளவுகோலாகத் தக்கவை. இவற்றை விடுத்து ஆடையை மட்டும் அளந்தால், தன்னுடலைத் தானே எழுதும் கவிஞர் தண்டிக்கப்படுவார். அவ்வுடலை விற்பவர் தப்பிவிடுவார். தமிழ்த் திறனாய்வு இவ்வினாக்களைப் பழைய இலக்கியம், புதுக்கவிதை, விளம்பரம் மூன்றிற்கும் ஒருசேரப் பொருத்திக் காண்பது இன்றியமையாததாகும்.