பாங்கில் வேலை... வீட்டில் கடன்!

"அக்கா, என் வேலை போயிடுமா?"

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் பிராகாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தோழி கேட்ட முதல் கேள்வி இது. இருபது வருஷமாக ஒரு பொதுத்துறை பாங்கில் கிளார்க். கணவரின் அச்சகம் நொடித்துப் போனதிலிருந்து சொசைட்டி லோன், நகைக்கடன், கிரெடிட் கார்டு, கைமாற்று என்று ஒன்றை அடைக்க இன்னொன்று. கடைசியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி நேரே கிளை மானேஜருக்கே கடிதம் போட்டுவிட்டது.

"கூப்பிட்டு, 'என்னம்மா இது?'ன்னார். அப்படியே பூமிக்குள்ளே போயிடலாம் போல இருந்தது" என்று கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

நானும் பாங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள்தான். மளிகைக் கடைக்காரர் கடன் வாங்கினால் வியாபாரம்; பாங்க்காரி வாங்கினால் ஊர் புருவத்தை உயர்த்தும். ஊரார் பணம் புழங்குகிற கை என்பதால் நிர்வாகம் ஒரு கண் வைத்திருப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் நம் பயத்தில் பாதி, விதி தெரியாததால் வருவது.

கிளார்க்குகளுக்கும் கடைநிலை ஊழியர்களுக்குமான ஒழுங்கு நடவடிக்கை ஒப்பந்தம் 2002 ஏப்ரல் 10-ல் கையெழுத்தானது. நிர்வாகம் அளவுக்கு மீறியது என்று கருதும்படி கடன்படுவது அதில் 'சிறு தவறு' என்ற பட்டியலில்தான் வருகிறது. தண்டனை எச்சரிக்கை, பதிவேட்டில் ஒரு குறிப்பு, மிஞ்சினால் ஆறு மாதத்துக்கு மேற்படாமல் இன்க்ரிமென்ட் நிறுத்தம். வேலைநீக்கம் அதில் இல்லை. திரும்பத் திரும்ப எச்சரித்தும் அதே வழியில் போனால்தான் அது பெரிய குற்றமாகும். அப்போதும் எழுத்தில் சார்ஜ் ஷீட் தர வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், உங்களுக்காகப் பேச யூனியன் பிரதிநிதி வரலாம்.

ஆபீசர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கறார். வட்டிக்கடைக்காரரிடமும், கீழே வேலை செய்பவரிடமும், பாங்கோடு வரவு செலவு வைத்திருப்பவரிடமும் கடன் வாங்கக் கூடாது. குதிரைப் பந்தயத்தில் கடன்படக் கூடாது என்று கூட எழுதி வைத்திருக்கிறார்கள்! புதிய தனியார் பாங்குகளில் இருப்பவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தையும் சர்வீஸ் விதிகளையும் ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

உண்மையில் வேலைக்கு உலை வைப்பது வேறு. கஸ்டமரிடம் கைமாற்று வாங்குவது, 'நாளைக்குப் போட்டுடலாம்' என்று கவுண்டர் பணத்தைத் தொடுவது. என் சர்வீசில் சீட்டுக் கிழிந்தவர்கள் எல்லோரும் இந்த வாசல் வழியே போனவர்கள்தான். கடனைச் சொல்ல வெட்கப்பட்டு, மறைக்கப் போய் மாட்டியவர்கள்.

"கோர்ட்டுக்குப் போனா சம்பளம் பூராவும் ஜப்தியா?" என்றாள் தோழி. இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி, முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 46,000 என்றால் 15,000 வரைதான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகி விட்டால், அந்தத் தீர்ப்புக்காக அப்புறம் பிடிக்க முடியாது. (ஜீவனாம்ச வழக்கில் கணக்கு வேறு. அது நமக்குச் சாதகமான விஷயம்தானே!) பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் வெளிக்கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது.

கணவர் வாங்கிய கடனுக்கு, மனைவி என்பதால் மட்டும் நீங்கள் பொறுப்பல்ல. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அவரைக் கேட்காமல் நேரே உங்களைக் கேட்கலாம். 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்று அவர் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று, மஞ்சள் கடுதாசி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 1949-ஆம் வருஷத்து பாங்கிங் ஒழுங்குமுறைச் சட்டம் 10-ஆவது பிரிவு, திவாலானவராக அறிவிக்கப்பட்டவரையோ கடன்காரர்களோடு ராஜி செய்துகொண்டவரையோ பாங்க் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஆகவே எந்த ராஜிப் பத்திரத்திலும் கையெழுத்திடுமுன் வக்கீலைக் கேளுங்கள்.

பாங்க் பரீட்சை எழுதும் பெண் வீட்டில் இருக்கிறாளா? அவள் பெயரில் பாக்கி இருந்தால் வேலையே கைநழுவலாம். இப்படி ஒரு நியமனத்தை ஸ்டேட் பாங்க் ரத்து செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை கடன் அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். வாங்கிப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. ரிசர்வ் பாங்கின் உத்தரவு இது. மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

தோழி அன்று ராத்திரியே கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு முழுத்தாளில் எல்லாக் கடனையும் எழுதினாளாம். கைமாற்று உட்பட. திங்கட்கிழமை அதை மானேஜர் மேஜையில் வைத்து, மாதாமாதம் எதை எப்படி அடைப்பேன் என்றும் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டார்கள், யூனியன்காரர் கூடவே போனார்.

கார்த்திகையில் போன் வந்தது.

"மெமோ கொடுத்துட்டாங்க அக்கா. வெறும் எச்சரிக்கைதான். இன்க்ரிமென்ட் கூட நிக்கலை!"