ஆய்வுக்கூடத்திலிருந்து கடைமடைக்கு

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றை ஒட்டி உள்ளது திருப்பருத்திக்குன்றம். சமணக் கோயில்கள் இருப்பதால் ஜினகாஞ்சி என்றும் பெயர் பெற்ற ஊர். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்து விதானத்தில் உள்ள ஓவியங்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். காஞ்சியைச் சுற்றியுள்ள இத்தகைய ஊர்களில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் தறி, வெளியே கொஞ்சம் நிலம் என்று இரண்டு பிழைப்பு. இரண்டையும் ஒரே ஆள் கவனிக்க வேண்டியிருக்கும்போதுதான் சங்கடம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தறியை விட்டு எழுந்து கிணற்றுக்குப் போனால் அன்றைய நெசவு கெடும். போகாவிட்டால் பயிர் காயும்.

இன்று பல கிணறுகளில் செல்போனில் அழைத்தால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பதிலும் வருகிறது. கிராமத்துக்கு போன் என்பதே எட்டாப் பொருளாக இருந்த காலம் போய் இந்த நிலை வர முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த வழியில் ஒரு முக்கியமான பகுதியைப் போட்டவர்கள் காஞ்சியிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், சென்னை ஐ.ஐ.டி.யின் மின் பொறியியல் துறையில் இருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் ஆவர். அவர்கள் செய்தது என்ன, அதில் நிலைத்தது எது, நிலைக்காமல் போனது எது என்பதை உழவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கடைசித் துண்டின் செலவு

1990களின் நடுவில் இந்தியா முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் சுமார் 1 கோடிதான். மக்கள் தொகையோ 90 கோடியைத் தாண்டியிருந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நகரத்திலேயே உண்டு. கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குக் காரணம் செலவு. ஓர் இணைப்பைக் கொடுக்க அப்போது 30,000 ரூபாய்க்கு மேல் முதலீடு தேவைப்பட்டது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு அந்த முதலில் 35 சதவீதமாவது திரும்ப வந்தால்தான் தொலைபேசி நிலையம் நடக்கும். அதாவது ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு 10,500 ரூபாய், மாதம் ஏறக்குறைய 875 ரூபாய் வசூலாக வேண்டும். அன்றைய நிலவரத்தில் எத்தனை குடும்பம் அதைக் கட்ட முடியும்? முதலீட்டை 10,000 ரூபாயாகக் குறைத்தால் மாதம் 290 ரூபாய் வந்தாலே போதும். இந்தக் கணக்கைத் தாம் போன மேடைகளில் எல்லாம் எடுத்துச் சொன்னவர் அத்துறையின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 1981இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தவர்.

இந்தச் செலவில் பெரும் பங்கு எங்கே போகிறது என்பது ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஏரிக்குக் கரை போடும் செலவை ஆயக்கட்டு முழுவதும் பகிர்ந்து கொள்ளும். மதகும் பெரிய வாய்க்காலும் அப்படியே. ஆனால் கடைமடையில் தனி ஒருவர் நிலத்துக்கு வெட்டும் கால்வாயின் செலவு அந்த ஒருவர் தலையில்தான் விழும். தொலைபேசியிலும் இதுவே நிலை. நிலையத்திலிருந்து வீடு வரை மண்ணுக்கடியில் போகும் செம்புக் கம்பிதான் அதிகச் செலவு வைத்தது. ஊருக்கு ஊர் பள்ளம் தோண்ட வேண்டும். மழையில் பழுதாகும். செம்பு ஆயிற்றே, திருட்டும் போகும்.

கம்பியை விட்டு வானலை

அந்தக் கடைசித் துண்டை மட்டும் கம்பியில்லாமல் வானொலி அலை மூலம் இணைத்தால் என்ன என்று அத்துறையில் ஒரு குழு வேலையைத் தொடங்கியது. ஜுன்ஜுன்வாலாவுடன் பேராசிரியர் பாஸ்கர் ராமமூர்த்தி, கணிப்பொறித் துறையைச் சேர்ந்த திமோத்தி கோன்சால்வஸ் முதலானோர் அதில் இருந்தனர். பாஸ்கர் ராமமூர்த்தி அதே ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்த மாணவர். வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி ஆசிரியரானவர். 2011 முதல் 2022 வரை அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

ஐரோப்பாவில் கட்டடங்களுக்குள் பயன்பட்டு வந்த டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை அவர்கள் எடுத்துக் கொண்டார்கள். அது சிறிது தூரமே எட்டக் கூடியது. கோபுரத்தில் ஒரு நிலையம், வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, கூரைமேல் ஒரு கழியில் ஆன்டெனா, நடுவில் மறைப்பு இல்லாத நேர்ப்பார்வை என்று அமைத்து அதை 10 கி.மீ. வரை எட்டச் செய்தார்கள். இடையில் ஒரு ரிலே நிலையம் வைத்தால் 25 கி.மீ. வரை போகும். பேசிக் கொண்டிருக்கும்போதே இன்டர்நெட்டும் பார்க்கலாம். இதற்குக் கார்டெக்ட் என்று பெயர் வைத்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒன்றைச் செய்து காட்டுவது வேறு, ஆயிரக்கணக்கில் தயாரித்து வெயிலிலும் மழையிலும் ஓடச் செய்வது வேறு. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த ஆசிரியர்களிடம் படித்து வெளிவந்த மாணவர்கள். அவர்களில் சிலர் சேர்ந்து 1994இல் மைடாஸ் என்ற கம்பெனியைச் சென்னையில் தொடங்கினர். வெளிநாட்டுக்குப் போனால் கிடைத்திருக்கக் கூடிய சம்பளத்தை நினைத்தால் இது சாதாரண முடிவு அல்ல. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் கம்பெனி இதற்கென்றே சில்லுகளைச் செய்து தந்தது. 1990களின் இறுதியில் கார்டெக்ட் பயன்பாட்டுக்கு வந்தது. நம் எல்லையை ஒட்டிய ஆந்திரத்துக் குப்பத்தில் அமைக்கப்பட்டது. பிறகு மடகாஸ்கர், பிஜி போன்ற அயல்நாடுகளுக்கும் போயிற்று. ஜுன்ஜுன்வாலாவுக்கு 2002இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நெல்லிக்குப்பமும் மேலூரும்

போன் வந்தால் மட்டும் போதாது, அதனால் வயலுக்கு என்ன வரும் என்று கேட்பது உழவர் வழக்கம். அந்தக் கேள்விக்கு விடை தேடி, என்லாக் என்ற கம்பெனி மூலம் கிராமத்துக்கு ஒரு கணிப்பொறி மையம் வைக்கும் முயற்சி 2000ஐ ஒட்டித் தொடங்கியது. கணிப்பொறி, சுவர்ப்பெட்டி, ஆன்டெனா, பிரின்டர், கரண்ட் போனால் நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய். உள்ளூர்க்காரர் ஒருவரே கடன் வாங்கி அதை நடத்துவார். பல ஊர்களில் பெண்கள் நடத்தினர்.

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் பாரி சர்க்கரை ஆலை தன் கரும்பு விவசாயிகளுக்காக இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியது. தங்கள் கரும்பின் கணக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஆலை வாசலுக்கு நடையாய் நடந்தவர்கள் ஊரிலேயே பார்த்துக் கொண்டனர். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் மையங்கள் திறக்கப்பட்டன. தாலுகா அலுவலகச் சான்றிதழுக்கு ஊரிலிருந்தே விண்ணப்பம் போயிற்று. அதனால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் மிச்சம். கண்ணில் கோளாறு உள்ளவர்கள் அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டரிடம் மையத்தில் இருந்தபடியே ஆலோசனை கேட்டனர். நோய் கண்ட வெண்டைச் செடியைப் படம் பிடித்து மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பி, மருந்தின் பெயரைக் கேட்டு வாங்கித் தெளித்தவர்களும் உண்டு. இப்போது செல்போனில் எவரும் செய்வது இது. அன்று அது பெரிய செய்தி.

ஆனால் மேலூரில் திறந்த மையங்கள் பல, சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. அங்கேயே தங்கி ஆராய்ந்தவர்கள் கண்ட ஒன்று கவனிக்கத் தக்கது. கணிப்பொறிப் பழுதைத் தானே பார்க்கத் தெரிந்தவர் நடத்திய மையங்கள் அதிக காலம் தாங்கின. பழுது பார்க்க ஆள் வரவேண்டும் என்று காத்திருந்தவை சீக்கிரம் படுத்தன. பம்பு செட் வாங்கிய எவருக்கும் இது புதிய பாடம் அல்ல. மெக்கானிக் இல்லாத ஊரில் எந்த இயந்திரமும் ஓடாது. அலுவலகத்தில் அதிகாரி மாறியதும் சான்றிதழ் வேலை தேங்கிய இடங்களும் உண்டு. இதற்கிடையே செல்போன் கட்டணம் எவரும் எதிர்பாராத வேகத்தில் சரிந்தது. கையிலேயே போன் இருக்கும்போது மையத்துக்கு ஏன் போக வேண்டும்? என்லாக் மெல்ல மறைந்தது. கார்டெக்டும் வழக்கொழிந்தது.

அப்படியானால் உழைப்பு வீண்தானா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. மலிவாகக் கொடுத்தால் கிராமம் போனை வாங்கும் என்று, பெரிய கம்பெனிகள் நம்பாத காலத்தில் செய்து காட்டியவர்கள் இவர்கள். அந்த வட்டத்திலிருந்து வேறு பொருள்களும் பிறந்தன. குளிர்சாதன அறை இல்லாமல், சூரிய ஒளியிலும் ஓடக் கூடிய, கசங்கிய அழுக்கு நோட்டையும் எண்ணித் தரும் ஏ.டி.எம். ஒன்றை வோர்டெக்ஸ் என்ற சென்னைக் கம்பெனி செய்தது. சந்தையில் புழங்கும் நோட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் செய்த வேலை. விவசாயி போன் செய்தவுடன் அவருடைய நிலம், பயிர் பற்றிய விவரம் நிபுணரின் திரையில் தெரியும்படியான ஆலோசனை முறை ஒன்றையும் ஐ.ஐ.டி.யின் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சோதித்தது.

தறிவீட்டு விளக்கு

2012ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை நெசவாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழித்தறியில் உட்கார்ந்து பட்டு இழையையும் ஜரிகையையும் பிரித்துப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். ஒரு மணி நேர இருட்டு ஒரு மணி நேரக் கூலியைக் கொண்டு போய்விடும்.

அப்போது அதே பேராசிரியர்கள் ஒரு யோசனை கூறினர். மின்சாரம் பற்றாதபோது ஊர் முழுவதையும் இருட்டடிக்க வேண்டாம். வீட்டுக்கு 100 வாட் மட்டும், 48 வோல்ட் டி.சி. கரண்டாகத் தனி இணைப்பில் விடாமல் கொடுக்கலாம். விளக்கும் விசிறியும் அதில் ஓடும். சில மாநிலங்களில் சோதனையும் நடந்தது. மின்வெட்டு குறைந்ததும் இந்த யோசனைக்கு அவசரம் போய்விட்டது. ஆனால் சூரியத் தகடு வைத்து இதே முறையில் ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில், மின் கம்பியே போகாத சுமார் 4,000 வீடுகளுக்கு விளக்கேற்றினார்கள்.

சூரியத் தகடும் பேட்டரியும் தருவது டி.சி. கரண்ட். எல்.இ.டி. விளக்கும் உள்ளுக்குள் டி.சி.யில்தான் எரிகிறது. நடுவில் இன்வெர்ட்டர் வைத்து ஏ.சி.யாக்கி, மறுபடி டி.சி.யாக்கும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகிறது. வாய்க்காலில் கசியும் தண்ணீர் போன்றதே இது. அந்தக் கசிவை அடைத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

இதில் இன்றே வீட்டுக்கு எடுத்துக் கொள்ளக் கூடியது பி.எல்.டி.சி. விசிறி. பழைய கூரை விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இது 30 வாட் அளவில் ஓடும். நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் பழையதற்கு 0.75 யூனிட், புதியதற்கு 0.30 யூனிட். ஒரு விசிறிக்கு மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். சாதாரண ஏ.சி. இணைப்பிலேயே இது ஓடும், கடைகளில் கிடைக்கிறது. விலை கூடுதல் என்பதால் பகல் முழுவதும் சுற்றும் விசிறியை முதலில் மாற்றுவதுதான் கட்டுப்படியாகும்.

கிணற்றடியில் செல்போன்

செல்போன் ஸ்டார்ட்டருக்கு வருவோம். இதை நம் நாட்டில் முன்கூட்டியே செய்தவர்களில் ஒருவர் புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால். தாத்தா மோட்டார் போடுவதற்காக வயலுக்கு நடந்த நடையைப் பார்த்து இந்த வேலையில் இறங்கியவர். அவருடைய நானோ கணேஷ் கருவிக்கு 2009இல் நோக்கியா கம்பெனியின் பரிசு கிடைத்தது. இப்போது கோவையிலும் பிற ஊர்களிலும் பல கம்பெனிகள் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியமும் அறிவிக்கப்பட்டுள்ளது. நடப்பு ஆண்டின் நிலவரத்தை அத்துறையின் அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளலாம்.

வாங்கும்போது சிலவற்றைப் பார்க்க வேண்டும். மூன்று முனைகளில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை உடனே நிறுத்தும் ஏற்பாடு அவசியம். காயில் எரிவது பெரும்பாலும் இதனால்தான். வோல்டேஜ் குறைந்தாலும், கிணற்றில் தண்ணீர் வற்றி பம்பு வெறுமனே ஓடினாலும் நிறுத்த வேண்டும். ஆள் பக்கத்தில் நின்று மோட்டார் போட்ட காலத்தில் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் இருந்து போடுகிறவருக்கு அந்தக் காது இல்லை. பதிவு செய்த எண்களிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் கருவி பதில் சொல்கிறதா என்பதையும் சோதித்து வாங்கவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பம்பில் பழுது பார்க்க இறங்கும்போது செல்போனில் நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. வீட்டில் இருக்கும் மகன் தெரியாமல் ஓர் அழைப்பு விட்டால் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக் கொண்டு பிறகே பம்பைத் தொட வேண்டும். மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் எலெக்ட்ரீசியனை விட்டுப் பார்த்துவிடவும். கருவியில் போடும் சிம் கார்டுக்குக் காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்ய வேண்டும். எந்தக் கம்பெனியின் சிம்முக்கு அந்தக் கிணற்றுமேட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்துக் கொண்டு, அதையே வாங்கிப் போடவும்.