முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே அண்ணன் மகன் வாசலில் வந்து நின்றான். "சித்தப்பா, நீங்க சரின்னு சொன்னா இன்னிக்கே பணம் கட்டிடுவேன்."

பினாங்குத் தீவில் ஒருவர் தன் கார்பன் ரேஸ் சைக்கிளை விற்கிறார். மூன்று வருடம் ஓட்டியது. விலை 18,000 வெள்ளி. அதே ரகத்தைப் புதிதாக எடுத்தால் 50,000-ஐத் தொடும். பையன் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. பிறை தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலையில் 26 வருடமாக இருக்கிறேன். ஒரு பேரிங்கைக் கையால் சுற்றினாலே அதன் ஆயுசு எனக்கு ஓரளவு தெரிந்துவிடும். அந்தக் கையை நம்பித்தான் அவன் வந்திருந்தான்.

வெர்னியர், செயின் தேய்மானம் பார்க்கும் கேஜ், சின்ன டார்ச், பெட்டி எடை பார்க்கும் தூக்குத் தராசு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். அவன் சைக்கிளின் பெடல்களைக் கழற்றி அந்தச் சைக்கிளில் மாட்டத் தேவையான சாவியும் எடுத்துக்கொண்டேன். தன் சப்பாத்து, தன் பெடல் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் உடம்பு உண்மையைச் சொல்லாது.

பினாங்குப் பாலம் எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். ஆனால் சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை. பிறை ஆற்றைத் தாண்டி பட்டர்வொர்த் போய்ப் படகு ஏறினோம். 2023-இல் வந்த புதுப் படகுகளில் கார் ஏறாது, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏறும்.

விற்பவர் நல்ல மனிதர். காப்பி கொடுத்துவிட்டு, "தூக்கிப் பாருங்கண்ணே" என்றார். விலை உயர்ந்த சைக்கிளைக் கண்டால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். தராசில் மாட்டினேன். பெடலோடு 7.3 கிலோ. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறது. அந்த எண்ணை நெருங்கத்தான் கடைகளில் ஆயிரம் ஆயிரமாக விலை ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, மேட்டில் ஏற 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது சுமார் 15 விநாடி. பந்தயத்தில் அது பெரிய விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவர் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. சமதரையில் வேகமாகப் போகும்போது எடையைவிடக் காற்றுதான் எதிரி. அந்தக் காற்றுத்தடையிலும் பெரும்பங்கு சைக்கிளால் வருவதில்லை, ஓட்டுகிறவரின் உடம்பால்தான் வருகிறது.

அடுத்து ஃபிரேம். இரும்பு அடிபட்டால் நசுங்கிக் காட்டும். கார்பன் அப்படி இல்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பெடல் அச்சைச் சுற்றியும் சீட் கம்பி இறங்கும் இடத்திலும் மயிரிழைக் கீறல் தேடினேன். பிறகு 50 சென் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடத்தில் சத்தம் அமுங்கும், அழுகிய தேங்காயைத் தட்டியது போல. குழாயின் கனம் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கே சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பிரேக் தட்டை வெர்னியரில் பிடித்தேன், 1.7 மில்லிமீட்டர். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 இருக்கும், 1.5 ஆனால் மாற்ற வேண்டும். செயினும் நன்றாகவே இருந்தது.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. நான் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, ஹேண்டிலை விரல் நுனியால் மெல்லத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு வந்து, நேர் நிலைக்கு வந்ததும் சின்னப் பள்ளத்தில் விழுந்தது போல் நின்றது. இடப்பக்கம் தள்ளினேன், வலப்பக்கம் தள்ளினேன். மறுபடி அதே இடத்தில் 'டக்'. அவன் கையைப் பிடித்து வைத்து உணர வைத்தேன்.

"வீட்டுக்குள்ள ஸ்டாண்டுல போட்டு மிதிச்சீங்களா?" என்று கேட்டேன். மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரம் என்றார். காற்று இல்லாத அறையில் வியர்வை நேராக ஹேண்டில் கழுத்தில்தான் சொட்டும். அந்த உப்புத் தண்ணீர் மேல் பேரிங்குக்குள் இறங்கி அரிக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் அது காயவும் காயாது. பேரிங் விலை அதிகமில்லை. ஆனால் இந்தப் புது ரகங்களில் பிரேக் எண்ணெய்க் குழாய்கள் அந்தப் பேரிங்குக்கு நடுவேதான் போகின்றன. மாற்ற வேண்டுமென்றால் குழாயைக் கழற்றி, மறுபடி எண்ணெய் ஏற்றி, காற்று எடுக்க வேண்டும். கம்பியெல்லாம் உள்ளே மறைந்து அழகாக இருக்கிறது என்று வாங்குகிறவர்களிடம் கடைக்காரர் இதையும் சொல்லியாக வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இருந்தாலும் பேரிங்குக்காக ஒரு நல்ல சைக்கிளை ஒதுக்கக் கூடாது. ஓட்டினால்தான் தெரியும். அவர் தன் புது வண்டியில் கூட வந்தார். பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், அணைக்கட்டைத் தாண்டி மேடு, தித்தி கெராவாங் வழியாக பாலேக் பூலாவ்.

டயர் 28 மில்லிமீட்டர், 5 பாருக்கும் குறைவான காற்று. நான் சைக்கிள் பழகிய காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரைக் கல் மாதிரி 8 பார் அடித்து ஓட்டினோம். அது வேகம் என்று நினைத்தோம். கரடான சாலையில் கல் மாதிரி டயர் ஆளையே தூக்கித் தூக்கிப் போடும், மிதித்த சக்தி அதிலேயே வீணாகும். ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி இல்லாத புது வகைச் சக்கரத்துக்கு 5 பார்தான் உச்ச வரம்பு. பழைய பழக்கத்தில் 8 அடித்தால் டயர் கழன்று ஆளைச் சாய்த்துவிடும்.

இறக்கத்தில் பையனுக்குப் பின்னால் போனேன். வளைவுகளில் சைக்கிள் கோடு போட்டது போல் போனது. ஆனால் அவன் முதுகு சரியில்லை. முழங்கை மடங்கவே இல்லை. பிரேக்கைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் சீட்டில் முன்னால் நகர்ந்தான்.

பாலேக் பூலாவில் லக்சா சாப்பிட உட்கார்ந்தபோது கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு சைஸ் பெருசு, இல்ல சித்தப்பா?"

"ஆமாப்பா."

"ஹேண்டிலைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வர முடியாதா?"

அதுவும் ஒரே வார்ப்பு. ஹேண்டிலும் கழுத்தும் சேர்ந்த கார்பன் துண்டு. குட்டையானது வேண்டுமென்றால் முழுசாக மாற்ற வேண்டும், மறுபடி அந்தக் குழாய்களைக் கழற்ற வேண்டும். அத்தனை செலவு செய்தாலும் ஃபிரேம் சின்னதாகாது. விற்பவர் எங்கள் இருவரையும்விட ஒரு சாண் உயரம். காலையிலேயே நான் கவனித்திருக்க வேண்டியது அது. சைக்கிளைப் பார்க்கும் அவசரத்தில் ஆளைப் பார்க்கவில்லை.

அவர் வருத்தப்படவில்லை. பேரிங் விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

மாலைப் படகில் கூட்டம் குறைவு. நான் கம்பியில் சாய்ந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், பையன் தன் பழைய அலுமினிய சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஹேண்டிலை விரல் நுனியால் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான்.