உஷார்! திருடன் ஷட்டரைத் தொடவே மாட்டான்

தொடர் விடுமுறை வருகிறதா? நகைக்கடை, அடகுக்கடை, கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கிளை என்று எதைப் பொறுப்பில் வைத்திருந்தாலும் சரி, இன்றைக்கே கட்டடத்தின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். ஷட்டருக்குப் போட்ட பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்க்கிறோம். பின்சுவரைக் கட்டிய நாளுக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

திருச்சியில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2019 ஜனவரி கடைசியில் நம்பர் 1 டோல்கேட் பகுதியில் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்கு விடுமுறை. சுவரில் துளை போட்டு உள்ளே போன கும்பல், லாக்கர்களை உடைத்து ஜனங்களின் நகையை அள்ளிக்கொண்டு போனது. ஊரே அதைப் பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 2 அதிகாலை, சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரி. மறுபடி பின்சுவர், மறுபடி ஓட்டை. ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுதான் இருந்தது. போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை. காவலாளிகள் பணியில் இருந்தார்கள். கேமராவும் ஓடியது, அதில் பதிவானது முகமூடிகள். மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

சுவர் மட்டுமா? கேரளத்தின் சேலேம்பிராவில் 2007 டிசம்பரில், ஒரு வங்கிக்குக் கீழே இருந்த ஓட்டலை வாடகைக்கு எடுத்து, வேலை நடப்பதுபோல் காட்டி, கூரையைத் துளைத்து மேலே ஏறினார்கள். 80 கிலோ தங்கம் போனது. பக்கத்துக் கடை திடீரென்று கைமாறி, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டால், என்ன வேலை என்று நேரில் போய்க் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள்.

உள்ளே இருப்பவர்களையும் கணக்கில் வையுங்கள். சென்னை அரும்பாக்கத்தில் 2022 ஆகஸ்டில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் கொள்ளை. காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம் கொடுத்தவர் அதே நிறுவனத்து ஊழியர்தான் என்றது போலீஸ்.

இதையெல்லாம் சொல்லிப் பாதுகாப்புக்குப் பணம் கேட்டால் முதலாளியும் நிர்வாகக் குழுவும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே!" பயமுறுத்திப் பயனில்லை. நிமிடக் கணக்கைக் காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரத்தை அடித்துப் பாருங்கள், காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. முதல் ஆள் வந்து சேர எத்தனை நிமிடம்? அந்தச் சுவர் கடப்பாரைக்கும் டிரில்லுக்கும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு கொத்தனாரிடம் கேளுங்கள். சுவர் முந்திக்கொண்டு விழும் என்றால் அங்கே அலாரமும் வாட்ச்மேனும் இருந்தும் காப்பாற்ற முடியாது. செலவுக்கான காரணம் அந்த நிமிட வித்தியாசம்தான். கோரிக்கையில் அதன் பக்கத்திலேயே, உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பையும், இன்ஷூரன்ஸ் பாலிசி எதெதற்குப் பணம் தராது என்பதையும் எழுதுங்கள்.

பாதி வேலைக்குப் பணமே வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் இரும்புப் பெட்டகத்தை உள்சுவருக்கு நகர்த்துங்கள். பின்சந்தில் சாத்திவைத்த ஏணியை எடுத்துவிடுங்கள். கேஷியர் மேஜைக்கடியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு, ஒயர்கள் தொங்க, கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி இருக்கிறதா? திருடன் கையோடு தூக்கிப் போவது அதைத்தான். பூட்டிய அறைக்கு மாற்றுங்கள். பதிவு வெளியிலும் சேமிப்பாகட்டும். சுவரின் அதிர்வை உணரும் சென்சாருக்கும் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கும்தான் பணம் தேவைப்படும். இன்னும் நாலு கேமரா வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

லாக்கரில் நகை வைத்திருப்பவர்களும் உஷார். 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் குறைபாட்டால் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்குக்கு மேல் போகாது. 3,000 ரூபாய் வாடகைக்கு 3 லட்சம். நீங்கள் வைத்திருப்பது எத்தனை பவுன்? கிளை மேலாளரிடம் பின்சுவரைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பொறுப்பாளர்களே, கோரிக்கையை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, அடுத்த கூட்டத்து மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்று முடிவானால் அதையும் தேதியோடு பதிய வையுங்கள்.