கடல்மீன் தொட்டி: வெப்பத்துக்கும் கணக்கு வையுங்கள்

வீட்டு வரவேற்பறையிலும் கடை முகப்பிலும் கடல்மீன் தொட்டி வைப்பதற்கு நம்மவர்களில் பலருக்கும் ஆசை இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, உப்பு, பில்டர், விளக்கு, மீன் என ஒவ்வொன்றுக்கும் விலை பேசி வாங்குவோர் ஒன்றை மாத்திரம் கணக்கில் சேர்க்க மறந்து விடுகின்றனர். அதுதான் வெப்பம். பங்குனி, சித்திரை மாத உஷ்ணத்தில், போட்ட முதல் முழுவதும் இரண்டொரு நாளில் அழிந்து போக இந்த ஒரு மறதியே போதும்.

“இவை நமது கடலில் பிடிபட்ட மீன்கள்தானே, வெயில் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கலாம். சித்திரையில் நமது கரையோரக் கடல்நீரும் 30 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு என்பது உண்மையே. ஆனால் கடலில் அலையும் நீரோட்டமும் உண்டு. மீன் ஆழத்துக்கு இறங்கிக் கொள்ளவும் முடியும். 200 லீற்றர் தொட்டியில் இருக்கும் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. அந்தக் கடலிலேயே வெப்பம் வழமையை விட ஓரிரு பாகை கூடி வாரக்கணக்கில் நீடித்தபோது, 1998 இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் முருகைக் கற்கள் வெளிறி அழிந்ததை நாம் அறிவோம்.

மீனைக் கொல்வது சூடு மாத்திரமல்ல, மூச்சுத் திணறலும்தான். 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் சுமார் 6.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 31 பாகையில் அது சுமார் 6.1 ஆகக் குறைகிறது. அதேவேளை, சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் வியாபாரம் என்னவாகும் என்பதை வர்த்தகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

அறையின் காற்றும் யன்னல் வெயிலும் ஒரு பங்கு. தொட்டிக்குள் இயங்கும் பம்பியும் மேலே எரியும் விளக்கும் மறு பங்கு. 100 வோட் வெப்பம் 10 மணித்தியாலம் நீருக்குள் சேர்ந்தால் அது ஓர் அலகு மின்சாரத்துக்குச் சமம். வெளியேற வழியில்லாவிடின், 200 லீற்றர் நீரை 4 பாகைக்கு மேல் சூடாக்க அது போதும். ஆகவே காசு கொடுத்துக் குளிரை வாங்குமுன் வெப்பம் வரும் வழியை அடையுங்கள். தொட்டியை வெயில் படாத சுவரோரம் வையுங்கள். பழைய மெட்டல் ஹேலைட் விளக்கை எல்.ஈ.டி.க்கு மாற்றுங்கள். விளக்கைப் பகலில் அணைத்து, மாலையில் எரிய விடுங்கள். மேல்மூடி கண்ணாடியாயின் அதை நீக்கி, மீன் வெளியே பாயாதிருக்க வலை போடுங்கள்.

அடுத்தது மின்விசிறி. நீரின் மேற்பரப்பில் காற்றை அடிக்கும் சிறிய விசிறி போதும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கொண்டு போகிறது. 15 வோட் விசிறி நாள் முழுவதும் சுழன்றாலும் மாதத்துக்குச் சுமார் 11 அலகுகளே செலவாகும். புழுக்கம் மிகுந்த கொழும்புக் காற்றில் இதன் பலன் சற்றுக் குறையும். எனினும் இரண்டு பாகை இறங்கினாலும் அது இலாபமே. ஒன்றை மறக்க வேண்டாம்: ஆவியாவது நீர் மாத்திரமே, உப்பு தொட்டியிலேயே தங்கி விடும். குறைந்த அளவை குளோரின் நீக்கிய நன்னீரால் தினமும் நிரப்ப வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக் கொண்டே போகும்.

இவையெல்லாம் போதாவிட்டால்தான் சில்லர். 300 வோட் சில்லர் தினமும் 10 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 90 அலகுகள். நமது வீட்டு மின்கட்டணம் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும் படிமுறையைக் கொண்டது. எனவே 100 அலகு பாவிக்கும் வீடு 190 அலகுக்குத் தாவினால், பட்டியல் இரு மடங்கையும் தாண்டும். சில்லரை 24 பாகைக்கு வைக்க வேண்டியதில்லை. நமது காலநிலைக்கு 26, 27 பாகை போதுமானது. அதைத் தொட்டியின் கீழுள்ள அலுமாரிக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. அது வெளியேற்றும் சூடு போக வழியின்றித் தொட்டிக்கே திரும்பி வரும்.

கடைக்காரர் கவனத்துக்கு

பகலில் ஏசி ஓடும் கடை இரவில் கதவடைத்துப் புழுங்குகிறது. பகலில் 25, இரவில் 30 என்று தொட்டி ஏறி இறங்குவதை மீன் தாங்காது. நிலையான 28 பாகை இதை விட மேல். கடை மூடியிருக்கும் வேளையிலும் விசிறியும் பம்பியும் ஓட ஒழுங்கு செய்யுங்கள்.

மின்வெட்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரமின்றி இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இருக்கட்டும். நீர் சூடேறினால் ஐஸ் கட்டியை நேரடியாகப் போடாமல், நீர் உறைய வைத்து இறுக மூடிய போத்தலை மிதக்க விடுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் இறக்க வேண்டாம். அன்றைய தினம் தீனியையும் குறையுங்கள்.

தொட்டி விற்பனை செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதாந்த மின்செலவை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி விடுங்கள். கோடையில் மீன் செத்தால் அவர் வெயிலைக் குறை கூற மாட்டார். விற்றவரையே குறை கூறுவார். சுழியோடிகள் கடலுக்குள் இறங்கிப் பிடித்து வந்த உயிர் வீணாவதும் சிறிய நட்டமல்ல.

தொட்டி வைக்க எண்ணியிருப்போர் முதலில் சில நூறு ரூபாவுக்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள். தொட்டி வைக்கப் போகும் இடத்தில் ஒரு வாளி நீரில் அதை இட்டு, ஒரு வாரத்துக்குக் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் குறித்து வாருங்கள். பம்பியும் விளக்கும் சேர்ந்தால் அந்த அளவு இன்னும் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். எவ்வளவு முதலிடலாம், விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா என்பதை அந்தக் கொப்பியே உங்களுக்குச் சொல்லி விடும்.